பொன்னேரியில் பிடித்த திருப்பதி லட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, மூன்று சின்ன லட்டுகளைச் சேர்த்து அழுத்தி ஒரு பெரிய லட்டாகப் பிடித்த முட்டாள் நான்தான். ஒன்றோடு நிறுத்தவில்லை, ஒரு பை நிறையப் பிடித்தேன். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி, மழித்த தலையில் சந்தனம், மடியில் விரித்த செய்தித்தாள். பக்கத்தில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பச்சைக் கற்பூரத்தை நசுக்கி நசுக்கித் தூவிக்கொண்டிருந்தான். எவ்வளவு போட வேண்டும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் காலி மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கமாகப் போய்விட்டார்.

இத்தனையும் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையை ஏமாற்றுவதற்காக. அந்தப் பிள்ளை என் மகள்.

கழுத்தில் கட்டி வந்தபோது நான் அதையும் வேடிக்கையாகத்தான் வைத்துக்கொண்டேன். ரேவில், அதாவது படகுத் துறையில், படகு தள்ளும்போது எல்லோருக்கும் தொட்டுக் காட்டி, "ரெண்டாவது தல மொளைக்குதுப்பா, இதுக்கும் சீப்பு வாங்கணும்" என்று சொல்லிச் சிரிப்பேன். எலுமிச்சம்பழ அளவுக்கு வந்த பிறகு என் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அதிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டு, வியாதியின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த வியாதி' என்பார்கள். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும்.

டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். வாந்தி வரும். ஏரித் தண்ணீரில் இறங்கக் கூடாது, சிப்பி கிழித்தாலும் நண்டு கடித்தாலும் புண் ஆறாது. கடைசியில், "ஏதாவது கேக்கணுமா?" என்றார். உயிர் பிழைப்பேனா என்று கேட்க வேண்டிய இடம் அது. நான், "முடி கொட்டுமா மேடம்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொட்டும். திரும்ப வளரும்" என்றார்.

என் முடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். படகுக்குப் போகும்போதும் பின் பாக்கெட்டில் சீப்பு வைத்திருக்கிற ஒரே ஆள் எங்கள் ஊரில் நான்தான். என் அப்பாவுக்கு முப்பது வயதிலேயே உச்சி வழுக்கை. எனக்கு நாற்பதைத் தாண்டியும் குதிரைவால் மாதிரி அடர்த்தி. வேறு சொத்து எதுவும் இல்லாததால் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். என் மகளுக்கும் அது விளையாட்டுச் சாமான். லீவு நாள் மத்தியானம் நான் படுத்திருந்தால் முதுகில் ஏறி உட்கார்ந்து கிளிப் மாட்டுவாள், ரிப்பன் கட்டுவாள். ஒருமுறை மூன்று ரோஸ் கிளிப்போடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு என் நண்டுக்கு நல்ல விலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் முடியைப் பற்றி நான் அப்படிக் கேட்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தது. நண்டு விற்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் என் மகளை நிறுத்தி, கலைந்த பின்னலைச் சரிசெய்து அனுப்பும். அதற்கு அந்த வியாதி வந்தது. முடி போனது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சில மாதம் நடமாடியது. அடுத்த பொங்கலுக்கு அது இல்லை. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "முடி போனா செத்துடுவாங்களா நைனா?"

நான்தான் வாய் சும்மா இருக்காத ஆளாயிற்றே. "அப்பிடினா உங்க தாத்தா எத்தினி வாட்டி செத்திருக்கணும்?" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள், அந்த அக்கா வீட்டைத் தாண்டும்போது பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

எனக்கு இருந்த பயம் இதுதான். என் தலை மொட்டையானது எதனால் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, அவள் கணக்கில் நான் செத்தவன்.

முதல் ஊசி போட்டு இரண்டு வாரத்தில் ஆரம்பித்தது. கரையில் உட்கார்ந்து நண்டு வலையின் பொத்தலைத் தைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் இறங்க முடியாதவனுக்கு அந்த வேலைதான் மிச்சம். ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதைப் பாடு என்போம். என் பாடு வந்த நாளிலும் மச்சான்தான் படகை எடுத்துப் போனான். அவன் திரும்பி வந்து வலையை வாங்கி உதறினான், நின்றான்.

"இன்னா மாமா, வலை பூரா முடியா கீது. ஏரியில எவளாவது தல சீவிகினு இருந்தாளா?"

நான் தலைக்குக் கையைக் கொண்டுபோனேன். கை நிறைய வந்தது. இழுக்கவில்லை. தொட்டேன், வந்தது. வலையின் நைலான் நரம்புக் கண்ணிகளில் என் முடி சுற்றிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்தோம். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கொஞ்ச நாள் கூலிக்குப் போனவன். மறுநாள் அங்கே கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, "மாட்டிக்க மாமா, எவனும் கேக்க மாட்டான்" என்றான். மாட்டிப் பார்த்தேன். என் மனைவி அதைப் பிடுங்கிக் கோழிக்குஞ்சை மூடிவைக்க எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் போன பிறகு மனைவி சொன்னாள்: "பொண்ணுகிட்ட சொல்லிடலாம்யா. நாமளே சொன்னா ஒரு மாதிரி. எவளாவது சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

"சொல்லலாம், சொல்லலாம். அதுக்குள்ள ஒரு ஐடியா வச்சிருக்கேன்" என்றேன்.

"உன் ஐடியா எனக்குத் தெரியாதா" என்றாள்.

எங்கள் பக்கம் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு ஒருவன் எதிரே வந்தால் இரண்டே கேள்விதான். கையில் பை இருந்தால், "திருப்பதியா?" பை இல்லாவிட்டால், "யாரு போனது?" பெற்றவர்கள் செத்தால் மீசை எடுப்போம், பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாலும் எடுப்போம். வேறு காரணத்துக்கு எங்கள் ஊரில் எவனும் மீசையைத் தொட்டதில்லை. ஆகவே எனக்குத் தேவை ஒரு பை. பைக்குள் லட்டு.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது சென்னையில் ஸ்டேஷன் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கத்தி வைக்கவே தேவை இருக்கவில்லை, துண்டால் துடைத்தாலே போதும் போலிருந்தது. மீசையை எடுக்கும் முன் ஒருமுறை, "எடுத்துடலாமா?" என்று கேட்டார். அப்பா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன். பிறகு சந்தன வில்லை வாங்கி ஸ்டேஷன் குழாயில் குழைத்துப் பூசிக்கொண்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. பொன்னேரியில் இறங்கி லட்டு வாங்கினால் அது கோலி குண்டுக்குக் கொஞ்சம் பெரிசு. திருப்பதி லட்டு என்று எவனும் நம்ப மாட்டான். அதனால்தான் பஸ்ஸில் அந்தப் பிடிப்பு வேலை. "மாமா, பெருமாள் கண்ணக் குத்திடப் போறாரு" என்றான் மச்சான். "இருக்கிற வியாதில அது ஒன்னு சேந்தா இன்னாடா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. ஜன்னல் வழியாக வடக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

தெருவில் எல்லோரும் நம்பினார்கள். கற்பூர வாசனை நாலு வீட்டுக்கு அடித்தது. ஒவ்வொருவரும் லட்டுத் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "இன்னாப்பா, தல வலிக்குத் தடவுற தைலம் மாதிரி கீது" என்றார். நான் மலை மேலே குளிர் எப்படி, கூட்டம் எப்படி, எந்த வரிசையில் நின்றேன் என்று சத்தமாக விளாசித் தள்ளினேன். மச்சானைப் பார்த்து யாரோ, "நீயும்தான் போன, நீ ஏண்டா மொட்ட போடல?" என்றார்கள். "எனக்கு வேண்டுதல் இல்ல. வேண்டிகினா கல்யாணம் ஆயிடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

"இன்னா வேண்டிகின நைனா?" என்று கேட்டாள்.

"வலை கிழியிற அளவுக்கு நண்டு வரணும்னு."

"வலை கிழிஞ்சா நண்டு பூடுமே."

"அத பெருமாள் பாத்துப்பாரு" என்றேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் என் மொட்டையைத் தடவிவிட்டு ஓடின, ஒன்று தாளம்கூடப் போட்டது. என் மகள் மட்டும் தொடவில்லை. லீவு நாள் மத்தியானம் நான் வேண்டுமென்றே அவள் எதிரில் குப்புறப் படுப்பேன். அவள் தாண்டிப் போய்விடுவாள். கிளிப்புகளை ஒரு டப்பாவில் போட்டு அலமாரி மேலே வைத்துவிட்டாள். மொட்டை அசிங்கமாக இருக்கிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டாலும், அவள் என்னைப் பார்க்காதபோது நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திருப்பதி மொட்டை என்றால் பத்துப் பதினைந்து நாளில் முள் முள்ளாக வந்துவிட வேண்டும். என் தலை மண்பானை மாதிரி வழவழவென்றே இருந்தது. அது போதாது என்று புருவமும் உதிர ஆரம்பித்தது. புருவத்தை எந்தச் சாமிக்குக் கொடுத்தேன் என்று சொல்வது? மகளின் ஆண்டு விழாவுக்கு வாங்கின மைப்பென்சில் வீட்டில் இருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு வரைவேன். முதல் நாள் ஒரு புருவம் மேலே ஏறிவிட்டது. அன்றைக்குப் பூரா யார் எது சொன்னாலும் நம்பாத ஆள் மாதிரி இருந்தேன். "யோவ், கூத்துக்குப் போறியா?" என்று மனைவி கேட்டாள். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் பஸ் வரவில்லை. மகளை நானே சைக்கிளில் வைத்துப் பழவேற்காட்டுப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். வேறு ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னையே பார்த்தார்கள். நான் ஜோராகக் கையாட்டிவிட்டு வந்தேன். என் கையில் பை இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள், "இனிமே நீ ஸ்கூலுக்கு வராத" என்றாள். "சரி" என்றேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்தினால்தான் என்று வீட்டில் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, ஒரு ஸ்கூட்டர் வந்து வாசலில் நின்றது. என் மகளின் டீச்சர். வீட்டுக்கு முன்னால் என் அப்பா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, டீயில் பன்னை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"ஐயா, கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு" என்றார் டீச்சர்.

"எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"வூட்டுப் பெரியவரு தவறிட்டாராமே."

"எந்தப் பெரியவரு?"

"பாப்பாவோட தாத்தா. பாப்பாதான் சொன்னா."

அப்பா பன்னை விழுங்கினார். "அம்மா, அவளுக்குத் தாத்தானா அது நான்தான். அவ அம்மாவப் பெத்தவரு இவ பொறக்கறதுக்கு முன்னாலயே பூட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் எப்போ செத்தேன்?" என்று கேட்டார்.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிக்கங்க ஐயா. ரெண்டு நாளா கிளாசுல தேம்பித் தேம்பி அழுவுறா. மத்தியானச் சாப்பாடு தொடல. அதனாலதான் வந்தேன்."

"எனக்கா அழுவுறா?" அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "ஒரு வெத்தல வாங்கியானு சொன்னா காது கேக்காத மாதிரி போவா."

நான் வெளியே வந்தேன். உள்ளே புழுக்கம், முகமெல்லாம் வியர்வை. டீச்சர் என்னைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை என் கண்ணுக்கு மேலே நின்றது. தொட்டுப் பார்த்தேன், விரலில் கறுப்பாக ஒட்டியது. ஒரு புருவம் கன்னம் வரைக்கும் ஒழுகியிருந்தது.

"உங்களுக்கு உடம்புக்கு..." என்று மெதுவாக இழுத்தார்.

"ஆமா டீச்சர்" என்றேன். வீட்டாரைத் தவிர இன்னொருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "அவகிட்ட பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

வீட்டில் இரண்டு நாளாக அவள் ஒரு சொட்டுக்கூட அழுததை நாங்கள் பார்க்கவில்லை. தாத்தாவுக்கு அழவில்லை என்பது புரிய எனக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

ஸ்கூட்டரைத் தூரத்தில் பார்த்ததுமே அவள் ஓடிவிட்டாள் என்று மனைவி சொன்னாள். ரேவில் எங்கள் படகு சேற்றில் ஏற்றிக் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன்.

"இன்னா பாப்பா, தாத்தாவக் கொன்னுட்டியாமே."

அவள் தாடையை முட்டிமேல் வைத்துக்கொண்டாள்.

"எதுல போனாராம்? சுரமா?"

"நெஞ்சு வலி" என்றாள்.

"நல்ல சாவு. டீ குடிச்சிகினே வேற போயிருக்காரு."

அவள் சிரிக்கவில்லை.

"திருப்பதினு சொல்லியிருக்கலாமேமா. அதுக்குத்தான் நைனா அவ்ளோ..."

"லட்டு கேப்பாங்க."

"குடுத்திருக்கலாமே. வூட்டுல இருந்துச்சே."

"அது பொன்னேரி லட்டு." வலைக் கயிற்றின் பிரியை நகத்தால் பிரித்துக்கொண்டே சொன்னாள். "உடைச்சா உள்ள மூணு லட்டு தனித்தனியா வந்துச்சு."

என் பஸ் வேலையின் தரம் அவ்வளவுதான்.

"அன்னிக்கே தெரியுமா?"

"எல்லாரும் லட்டக் கண்ணுல ஒத்திகினாங்க. அம்மா மட்டும் ஒத்திக்கல."

நான் ஊருக்கே மலையேறின கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தப் பிள்ளை தன் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. "அப்பவே கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"நீ ஜாலியா சொல்லிகினு இருந்த."

பிரித்த கயிற்றை அவள் மறுபடி முறுக்கினாள். பிறகு அவளே சொன்னாள். "அன்னிக்கு ஸ்கூல் வாசல்ல உன்னப் பாத்த பொண்ணு, யாரு செத்தாங்கனு கேட்டா. யாரும் சாவலனா அப்புறம் ஏன் மொட்டைம்பா. அப்புறம் அந்த வியாதியாம்பா, நண்டு அக்காவுக்கு வந்த மாதிரி." மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "தாத்தாவுக்குத்தான் வயசாயிடுச்சில்ல."

அதற்கு மேல் எனக்கு ஜோக் வரவில்லை. வியாதியின் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், குரலை இறக்காமல். நண்டு அக்காவுக்கு வந்தது வேறு இடத்தில், எனக்கு வந்தது வேறு இடத்தில் என்றேன். கட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டாள். விரலை உடனே எடுக்கவில்லை.

"முடி ஏன் போச்சு?"

"அந்த மருந்து சின்னக் கண்ணி வலை மாதிரி பாப்பா. எறா மட்டும் வரட்டும்னு போட்டாலும் குப்ப, குஞ்சு, எல்லாம் மாட்டிக்குதில்ல? கட்டியப் பிடிக்கத்தான் வுடுறாங்க. முடியும் சேந்து மாட்டிகிச்சு."

அவள் யோசித்தாள். வலையைப் பற்றிச் சொன்னதால் அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால், எனக்குப் பயமாக இருந்த அந்தக் கேள்வி அடுத்து வந்தது.

"உனக்கு சரியாயிடுமா?"

போன தடவை டாக்டரம்மா கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "கொஞ்சம் கரைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு ஊசி போட்டுட்டுப் பாப்போம்." அந்தப் 'பாப்போம்' அன்றையிலிருந்து நான் எங்கே போனாலும் கூடவே வந்துகொண்டிருந்தது. அதை ஒரு குழந்தையிடம் எப்படித் தூக்கிக் கொடுப்பது? என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. லட்டுக் கொடுத்த அன்று வந்த அதே சத்தமான குரல்.

"ஆயிடும்மா. முழுசா ஆயிடும். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

அவள் என் முகத்தை, பாதி அழிந்துபோன என் புருவத்தை, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுவும் பொன்னேரி லட்டா நைனா?" என்றாள்.